பனிப் பொட்டலும் கரிசல் பொட்டலும்

சில ஊர்களின் பெயரைக் கேட்டவுடனேயே ஒரு கதை கேட்டது மாதிரி இருக்கும். எப்போதும்வென்றான் அப்படிப்பட்ட பெயர். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற பெருஞ்சாலையில், எட்டயபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால் இந்த ஊர் வரும். பெயரின் மிடுக்கைப் பார்த்துவிட்டுக் கோட்டை கொத்தளங்களை எதிர்பார்த்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டும் பிரயாணிக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். கண்ணுக்கு எட்டிய தூரம் கறுப்பு மண். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை. குடை விரித்தாற்போல உடைமரம். ஓடைக்கரையெல்லாம் சீமைக் கருவேல். கோடைகாலமாக இருந்தால் பச்சை என்பது பேச்சுக்குக்கூட இராது. "என்ன சார் ஊர் இது, ஒன்றுமே இல்லையே!" என்று பக்கத்து ஆசனக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் தூங்கப் போய்விடுவார்.

'ஒன்றுமே இல்லை' என்ற இந்த வார்த்தையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன். உலகத்தின் வடகோடியிலே இதே வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன இன்னொரு நிலம் இருக்கிறது. அதற்குத் துந்திரப் பிரதேசம் என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பூகோளப் புஸ்தகத்திலே படித்திருப்போம். பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம். மரமே முளைக்காத அந்தப் பனிப் பொட்டலுக்கும் நம்முடைய கரிசல் பொட்டலுக்கும் என்ன சம்பந்தம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறானே என்று வாசகர்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தப் பக்கம் கோடைகாலத்தில் ஊர் சுற்றப் போன மூன்று இளைஞர்களின் கதையைச் சொன்னால் அது விளங்கிவிடும். அவர்களில் ஒருவர் கடைசியில் நம் வீட்டு அடுப்பங்கரை வரையில் வந்து சேர்ந்தவர்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். துந்திரம் என்பதே 'மரமில்லாத மேட்டு நிலம்' என்ற பொருளில் வடக்கத்திச் சாமி ஜனங்களின் பாஷையிலிருந்து ருஷ்ய மொழிக்குப் போய், அங்கிருந்து உலகத்துக்கு வந்த சொல். (சாமி என்பது அங்கே கலைமான் மேய்த்துப் பிழைக்கும் ஜனங்களின் பெயர், நம் ஊர்ச் சாமிக்கும் அதற்கும் உறவில்லை.) அங்கே பூமிக்குள்ளே வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் மண் உறைந்தே கிடக்கிறது. கோடையில் மேல் மண் மட்டும் ஒரு முழம், இரண்டு முழம் இளகுகிறது. இரண்டு மாதமோ மூன்று மாதமோதான் அந்தப் பவிசு. அதற்குள்ளே புல் முளைத்து, பூப் பூத்து, விதை விழுந்து, பறவைகள் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பறக்கவும் கற்றுக் கொடுத்தாக வேண்டும். அந்த நாட்களில் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. ஒரு வருஷத்து வாழ்க்கையை ஒரே மூச்சில் வாழ்ந்து முடிக்கிற அவசரம்.

கரிசலிலும் இதே அவசரம்தான். அங்கே குளிர் போடுகிற பூட்டை இங்கே வெயில் போடுகிறது. கோவில்பட்டிச் சீமையில் வருஷத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த ஈரத்தை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் மல்லியும் விதைக்கிறார்கள். விதைப்பு ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் வீட்டுக் குதிருக்குத் தெரிந்துவிடும். மாசி தாண்டினால் நிலம் மறுபடியும் பூட்டிக்கொள்கிறது. கரிசல் மண் நீரைக் குடித்தால் உப்புகிறது. காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. கோடையில் அந்த வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரையில் போகும். துந்திர மண்ணோ கடுங்குளிரில் சுருங்கி வெடிக்கிறது. அந்த வெடிப்பில் நீர் இறங்கி உறைந்து ஆப்பு மாதிரி நிற்கிறது. ஆகாயத்திலிருந்து பார்த்தால் ஐந்து மூலை, ஆறு மூலைப் பாத்திகளாக அந்த நிலம் தெரியும். கறுப்புப் பாளமும் வெள்ளைப் பாளமும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. கோலம் மட்டும் ஒன்றாக இருக்கிறது.

இனி, இளைஞர்களின் கதை.

முதல்வர் கார்ல் லின்னேயஸ். ஸ்வீடன் தேசத்தில் உப்சாலா சர்வகலாசாலையில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தவர். கையிலே காசு கிடையாது. தலையிலே செடி கொடிகளைத் தவிர வேறு நினைப்புக் கிடையாது. வடக்கே லாப்லாந்துக்குப் போய் அங்குள்ள தாவரங்களையும் பிராணிகளையும் கல் மண்ணையும் பார்த்து எழுதி வருகிறேன் என்று உப்சாலாவிலிருந்த விஞ்ஞானச் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டார். 600 தாலர் கேட்டார். 400-க்குச் சங்கம் சம்மதித்தது. உலகத்தில் எந்தக் காலத்திலும் பிரயாணப்படி கேட்டபடி கிடைத்ததில்லை போலும்!

1732 மே 12-ஆம் தேதி குதிரை ஏறினார். மறுநாள் அவருக்கு இருபத்தைந்து வயது நிறைகிறது. தோல்பையில் ஒரு சட்டை, மைக்கூடு, பூதக்கண்ணாடி, கொசுவுக்குத் தலையில் போட்டுக்கொள்ள ஒரு வலைத்துணி, செடிகளை அழுத்தி உலர்த்தக் காகிதக் கட்டு, இவ்வளவுதான் சாமான். ஜூன் மாதத்தில் லிக்ஸெலே என்ற இடத்துச் சதுப்பிலே இடுப்பளவு பனி நீரில் மாட்டிக்கொண்டு, பட்டினி கிடந்து, திரும்பி வர வேண்டியதாயிற்று. வழி விசாரிக்கப் போன ஆள், காட்டிலிருந்து ஒரு சாமிப் பெண்ணை அழைத்து வந்தான். எந்தத் தலையெழுத்து இந்தப் பிள்ளையை இங்கே கொண்டு வந்து தள்ளியது என்று அவள் பரிதாபப்பட்டாள் என்கிறது அவருடைய நாட்குறிப்பு. அதோடு அவர் ஊர் திரும்பவில்லை. வேறு வழியாகப் புறப்பட்டு, ஜூலையில் மலைமேல் ஏறி, மரங்களெல்லாம் பின்தங்கிப்போன துந்திர வெளியிலே நின்றபோது, காலடியில் கிடந்த ஒவ்வொரு செடியும் புதிதாக இருந்தது. மலையைத் தாண்டி நார்வே கடற்கரை வரையில் போய் மீண்டு, அக்டோபரில் உப்சாலாவுக்கு வந்து சேர்ந்தார். நடந்த தூரத்தைச் சங்கத்துக்குக் கொடுத்த கணக்கில் கொஞ்சம் நீட்டிக் காட்டினார் என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். படி குறைந்தால் மைல் கூடும். அதுவும் பழைய சங்கதிதான்.

அந்தக் கோடையின் விளைவு, 1737-ல் வெளிவந்த லாப்லாந்துத் தாவர நூல். 500-க்கு மேற்பட்ட தாவரங்கள் அதிலே அடங்கின. உலகத்திலுள்ள ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொல்லில் பெயர் வைக்கலாம் என்று 1753-ல் அவர் வகுத்துக் கொடுத்த முறையைத்தான் இன்றும் எல்லா நாட்டாரும் கையாளுகிறார்கள். ஆனால் இதிலே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. எந்தெந்தச் செடியைக் கலைமான் மேயும், எதை முகர்ந்துவிட்டு விட்டுவிடும், எந்தப் பூச்சி அதன் தோலுக்குள் முட்டை வைக்கும், எந்தப் புல்லைப் பாதரட்சைக்குள் திணித்தால் பனிக்குக் கதகதப்பாக இருக்கும் என்பவற்றையெல்லாம் சாமி ஜனங்களிடம்தான் அவர் கேட்டு எழுதிக்கொண்டார். கலைமான் மேய்ப்பவன் வாத்தியார். சர்வகலாசாலைப் பிள்ளை மாணாக்கன். 'ஒன்றுமே இல்லை' என்று உப்சாலாவில் சொன்ன நிலம், அங்கே குடியிருந்தவர்களுக்கு எல்லாமும் இருந்த நிலம்.

லின்னேயஸ் பேராசிரியரானதும் தாம் கற்ற வித்தையை மாணவர்களுக்கும் கற்பித்தார். 'புஸ்தகத்தை மூடு, புறப்பட்டுப் போ' என்பதே அந்த வித்தை. உலகத்தின் நாலா திசைகளுக்கும் பிள்ளைகளை அனுப்பினார். அவருடைய சீடர்கள் என்று பெயர் பெற்ற 17 பேரில் 7 பேர் ஊர் திரும்பவே இல்லை. அரேபியாவில் ஒருவர், தென் அமெரிக்காவில் ஒருவர் என்று போன இடங்களிலேயே காய்ச்சலுக்கு இரையானார்கள். படிப்பு என்பது உயிரைப் பணயம் வைக்கிற காரியமாக இருந்த காலம் அது.

அந்தப் பதினேழு பேருக்கு வெளியேயும் அவரிடம் படித்தவர்கள் உண்டு. நம்முடைய இரண்டாவது இளைஞர் அப்படிப்பட்டவர். பெயர் யோஹான் கெர்ஹார்ட் கேனிக். பால்டிக் கடற்கரையில் பிறந்தவர். டென்மார்க் அரசாங்கத்தார் தங்கள் தேசத்துச் செடிகளையெல்லாம் படம் போட்டுப் பெரிய நூலாக வெளியிட்டு வந்தார்கள். அதற்காக இவரை ஐஸ்லாந்துக்கு அனுப்பினார்கள். ஆர்க்டிக் வட்டத்தின் வாசற்படியில் கிடக்கிற தீவு அது. மரமற்ற அந்த மேடுகளில் பாசியையும் புல்லையும் குனிந்து குனிந்து பொறுக்கிய கேனிக், 1768-ல் எங்கே வந்து இறங்கினார் தெரியுமா? நம்முடைய தரங்கம்பாடியில்! அங்கே டேனிஷ்காரர்களின் கோட்டையும் பாதிரிமார்களின் சபையும் இருந்தன. சபைக்கு வைத்தியராக வந்தவர், நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் வயல் வரப்பிலும் உப்பங்கழியிலும் சுற்றினார். பறித்த செடிகளை உலர்த்திக் கப்பலில் தம் குருவுக்கு அனுப்பினார்.

1771-ல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் நம்முடைய கறிவேப்பிலைக்கும் ஒரு சாஸ்திரப் பெயர் ஏறியது. அந்தப் பெயரின் இரண்டாம் சொல் 'கேனிகி'. பிறகு வந்தவர்கள் முதற்சொல்லை மாற்றினார்கள்; 'கேனிகி' மட்டும் மாறவில்லை. ரசத்துக்குத் தாளிக்கும்போது எண்ணெயில் படபடக்கிற அந்த இலை, ஐஸ்லாந்துப் பனிக்காட்டில் பாடம் படித்த ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. சாப்பிடும்போது நாம் அதைத்தான் முதலில் எடுத்து இலை ஓரத்தில் ஒதுக்குகிறோம்; அது வேறு விஷயம்.

கேனிக்குக்குச் சபைச் சம்பளம் போதவில்லை. 1774-ல் ஆர்க்காட்டு நவாபிடம் உத்தியோகம் பார்த்தார். 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்தார். சயாம் வரையில் போய் வந்தார். 1785-ல் காக்கிநாடாவுக்கு அருகே வயிற்றுக்கடுப்பில் இறந்தார். அவரிடமிருந்து தரங்கம்பாடிப் பாதிரிமார்களுக்குச் செடிப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. அவர்களில் ஒருவரான ராட்லர், செடிகளோடு சொற்களையும் சேகரித்துத் தமிழ் – ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவர். பிறகு ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் வந்தார். 1830-களில் அவர் பாளையங்கோட்டையிலேயே ராணுவ வைத்தியராக இருந்தவர். அவர் நூல்களுக்குப் படம் எழுதியவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற இரு சித்திரக்காரர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே வைத்து மரியாதை செய்தார் வைட். செடியைக் காட்டிக் கொடுத்த காட்டுவாசிகளுக்கும் மூலிகை வைத்தியர்களுக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

இந்தப் பெரியவர்கள் எல்லாரும் கடற்கரையைப் பார்த்தார்கள். குற்றாலத்தையும் மேற்கு மலைகளையும் பார்த்தார்கள். நடுவே கிடந்த கரிசலை அவ்வளவாகத் திரும்பிப் பார்த்தவர்கள் இல்லை. வெள்ளைக்காரனுக்குக் கரிசல் என்றால் பருத்தி. 'திருநெல்வேலிப் பருத்தி' என்று மில்காரர்களிடம் பேர் வாங்கிய சரக்கு. அதற்காகவே 1901-ல் கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். கருங்கண்ணிப் பருத்தியைச் சீர்திருத்தி நல்ல நல்ல ரகங்களைக் கொடுத்த நிலையம் அது. அதன் உபகாரத்தை எந்தக் கரிசல் விவசாயியும் மறக்கமாட்டான். ஆனால் நிலையத்தின் வேலி வரையில்தான் கணக்கு. வேலிக்கு வெளியே தானாக முளைத்துத் தானாக மடிகிறவற்றை யார் எண்ணுவது? இந்தச் சீமையின் சரித்திரம் என்றால் நமக்குப் பாஞ்சாலங்குறிச்சிதான். 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட புளியமரம்தான். மனிதன் சண்டை போட்ட கதை இருக்கிறது; மண் பிழைத்த கதை இல்லை.

அப்படிப்பட்ட கதையை எழுதலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் நம்முடைய மூன்றாவது இளைஞர்.

1921-ஆம் வருஷக் கோடை விடுமுறையில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலிருந்து ஒரு கோஷ்டி ஆர்க்டிக் சமுத்திரத்திலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்குப் புறப்பட்டது. ஆசிரியர் ஜூலியன் ஹக்ஸ்லி தம் மாணவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனார். மாணவர் பெயர் சார்ல்ஸ் எல்டன், வயது 21, இன்னும் பட்டம் வாங்கவில்லை. வழியிலே கரடித் தீவு என்ற சின்னத் தீவு. பாறை, பாசி, கொஞ்சம் புல், லட்சக்கணக்கான கடற்பறவைகள், வேறு ஒன்றுமில்லை. ஆகவே பையன் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தான். பறவையின் எச்சம் மண்ணுக்கு உரமாகிறது. அதிலே பாசியும் புல்லும் வளர்கின்றன. அவற்றைப் புழு பூச்சிகள் தின்கின்றன. புழு பூச்சிகளைச் சிறு பறவைகள் தின்கின்றன. பறவைகளையும் முட்டைகளையும் பனிநரி தின்கிறது. பறவை இல்லாத குளிர்காலத்தில் அந்த நரி, பனிக்கரடி தின்று போட்ட சீலின் மிச்சத்தைத் தேடிக் கடல்பனியின் மேல் போகிறது. கடலிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து கடலுக்கு என்று சுற்றுகிற இந்தச் சக்கரத்தை அம்புக்குறிகள் போட்டு ஒரு படமாக வரைந்தார். சம்மர்ஹேஸ் என்ற தாவர நிபுணரோடு சேர்ந்து 1923-ல் பிரசுரித்த அந்தப் படம், உணவு வலைப் படங்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. 1923-லும் 1924-லும் மறுபடியும் அந்தத் தீவுகளுக்குப் போனார். 1927-ல் பிராணிகளின் வாழ்க்கைத் தொடர்பைப் பற்றிப் புஸ்தகம் எழுதியபோது அவருக்கு வயது 27 தான்.

இங்கிலாந்தின் ஓக் மரக் காடுகளிலே இதைச் செய்திருக்க முடியாதா என்று கேட்கலாம். முடிந்திருக்காது. அடர்ந்த காட்டிலே ஆயிரம் பூச்சி, ஐந்நூறு செடி. யார் யாரைத் தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒருவன் ஆயுசு போதாது. பொட்டலிலே நடிகர்கள் கொஞ்சம். அதனால் நாடகம் தெளிவாகத் தெரிகிறது. இல்லாமைதான் அங்கே விளக்கு. கண்ணாடி மாளிகையில் பிள்ளையாருக்கு ஆயிரம் பிம்பம். பொட்டலிலே நிற்கிற ஒற்றைப் பிள்ளையாரைச் சுற்றித்தான் நன்றாகப் பார்க்க முடியும்.

இன்று நம் ஊர் ஆறாம் வகுப்புக் குழந்தைகூட 'புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து' என்று உணவுச் சங்கிலியை ஒப்பிக்கிறது. ஒரு கல்லூரிப் பையன் விடுமுறையில் போய்க் குளிரில் கை விறைக்க எண்ணிய கணக்குகளிலிருந்து அந்தப் பாடம் வளர்ந்தது என்று ஆறாம் வகுப்புக்கும் சொல்வதில்லை; பி.எஸ்ஸி. வகுப்புக்கும் சொல்வதில்லை. சொன்னால், 'அப்படியானால் நானும் போகலாமே' என்று ஒரு பிள்ளைக்காவது தோன்றாதா?

மேல்நாடுகளில் தோன்றியிருக்கிறது. தோன்றியதோடு நில்லாமல், அதற்கென்று இடமும் பணமும் ஒதுக்கியிருக்கிறார்கள். அலாஸ்காவின் வடக்கே டூலிக் ஏரிக்கரையில் 1975-ல் ஒரு சிறு முகாமாகத் தொடங்கிய நிலையம், துந்திர ஆராய்ச்சிக்கே பெயர் பெற்ற இடமாகிவிட்டது. கோடைதோறும் அங்கே விஞ்ஞானிகளுக்கு உதவியாகப் பட்டம் வாங்காத மாணவர்களும் போகிறார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் விஞ்ஞான நிதியிலிருந்து அவர்களுக்குப் படியும் கொடுக்கிறார்கள். ஸ்பிட்ஸ்பெர்கனிலேயே 1993-ல் ஒரு சர்வகலாசாலை மையம் ஏற்பட்டது. பனிக்கரடி நடமாடும் ஊரானதால் மாணவன் முதலில் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டுதான் செடி பார்க்கப் போக வேண்டும். 2008-ல் தொடங்கிய போலாரிஸ் திட்டம் கல்லூரி மாணவர்களைச் சைபீரியாவிலே கொலிமா நதிக்கரைக்கு அழைத்துச் சென்றது. பிற்பாடு அலாஸ்காவுக்கு மாறியது.

அங்கே போய் என்ன செய்கிறார்கள்? பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரும்புக் கம்பியைத் தரையில் குத்தி, இந்த வருஷம் மண் எவ்வளவு ஆழம் இளகியிருக்கிறது என்று அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் சட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் செடிகளை எண்ணுகிறார்கள். ஓடையில் தண்ணீர் முகர்ந்து, மண்ணிலிருந்து கிளம்பும் வாயுவைக் குடுவையில் பிடித்துக் கணக்கு எழுதுகிறார்கள். கொசுக்கடி வேறு. ஆனால் அந்தக் கணக்கிலே உலகத்தின் ஜாதகம் அடங்கியிருக்கிறது. வடக்கே உறைந்து கிடக்கும் மண்ணிலே சுமார் 1.5 லட்சம் கோடி டன் கரி, மக்காத தாவர எச்சமாகப் புதைந்திருக்கிறது. காற்று மண்டலத்தில் இப்போது இருக்கிற கரியைப் போல ஏறத்தாழ இரண்டு பங்கு அது. மண் இளகினால் அது மக்கும், மக்கினால் வாயுவாகும், வாயுவானால் உலகம் இன்னும் சூடாகும். கம்பி ஒரு அங்குலம் அதிகமாக இறங்கினால் தூத்துக்குடிக் கடற்கரைக்காரனுக்கும் அதிலே ஒரு செய்தி இருக்கிறது.

நம் தேசமும் சும்மா இருக்கவில்லை. 2007 ஆகஸ்டில் முதல் விஞ்ஞானிகள் கோஷ்டி ஆர்க்டிக்குக்குப் போயிற்று. 2008 ஜூலை 1-ஆம் தேதி ஸ்பிட்ஸ்பெர்கனில் நியூ ஓலெசுந்து என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் 'ஹிமாத்ரி' என்ற இந்திய நிலையம் திறக்கப்பட்டது. வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தூரம். 2023 டிசம்பரிலிருந்து குளிர்காலத்திலும் ஆட்களை அனுப்புகிறார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் ஹிமாத்ரி ஆராய்ச்சியாளர்களுக்காக ஏற்பட்ட இடம். கோவில்பட்டியிலோ விளாத்திகுளத்திலோ பி.எஸ்ஸி. படிக்கும் ஒரு பருத்தி விவசாயியின் மகளுக்கு அது நிலாவைப்போல, தெரியும், எட்டாது.

எட்டாத நிலாவைக் காட்டிச் சோறூட்டலாமே தவிர, பசி ஆற்ற முடியாது. என்னுடைய அபிப்பிராயம் இதுதான்: லின்னேயஸும் எல்டனும் வடக்கே போனது அங்கே பனி இருந்ததற்காக அல்ல, யாரும் எண்ணிப் பார்க்காத நிலம் அங்கே இருந்ததற்காக. அப்படிப்பட்ட நிலம் நம் கல்லூரி வாசலிலேயே கிடக்கிறது.

நம் கல்லூரிகளிலும் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும் வழக்கம் உண்டு. தாவரவியல் வகுப்பு கொடைக்கானலுக்குப் போகும். விலங்கியல் வகுப்பு மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கடல் பிராணிகளைப் பார்க்கப் போகும். பஸ் கரிசலைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் பெரும்பாலும் ராத்திரியில் தாண்டுகிறது; உள்ளே சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

இறங்கி நின்றால் என்ன பார்க்கலாம்? முதல் மழை விழுந்த மறுநாள் பட்டுத் துணியில் வெட்டி எடுத்தது போன்ற சிவப்புத் தம்பலப்பூச்சிகள் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றன. வருஷம் முழுவதும் அவை எங்கே இருந்தன, எதைத் தின்றன? வெடிப்புக்குள்ளே விழுந்த விதைகளில் எத்தனை முளைக்கின்றன, எத்தனை அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்கின்றன? கம்பு விளைந்த வருஷத்தில் எலி பெருகுகிறது. எலி பெருகினால் கூகையும் பாம்பும் பெருகுகின்றனவா, எத்தனை மாதம் கழித்து? லெம்மிங் என்ற துந்திரத்து எலி மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை பெருகி மறைகிற கணக்கை எல்டன் வாழ்நாள் முழுவதும் துரத்தினார். நம் வெள்ளெலிக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும் அல்லவா? பனிக்காலத்தில் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் வந்து இந்தக் காடுகளின் மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிக்கின்றன. சற்றுக் கிழக்கே, தூத்துக்குடி உப்பளங்களிலே கொசு உள்ளான் என்று ஒரு குருவி ஓடித் திரியும். சுமார் 25 கிராம் எடை. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது எங்கே? அதே துந்திரத்தில்தான்! நம் பிள்ளைகள் துந்திரத்துக்குப் போகாவிட்டாலும், துந்திரத்துப் பிள்ளைகள் வருஷந்தவறாமல் நம் உப்பளத்துக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வடக்கே நிலம் விழித்திருக்கிற மாதங்களும் கல்லூரி விடுமுறை மாதங்களும் ஒன்றாக இருக்கின்றன. அதனால்தான் லின்னேயஸ் முதல் இன்றைய மாணவன் வரையில் கோடையில் மூட்டை கட்டுகிறான். நாமும் கோடையில்தான் விடுமுறை விடுகிறோம். வெயிலுக்கு அது நியாயமே. ஆனால் சித்திரை, வைகாசியில் கரிசல் பூட்டிக் கிடக்கிறது. அது கண் திறக்கிற ஐப்பசி, கார்த்திகையில் நம் பிள்ளைகள் நாலு சுவருக்குள்ளே உட்கார்ந்து பருவப் பரீட்சை எழுதுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தும்பை பூத்து, தம்பலப்பூச்சி ஊர்ந்து, விதைத்த உளுந்து இரண்டிலை விட்டு நிற்கும்போது, உள்ளே 'உணவுச் சங்கிலி என்றால் என்ன? ஐந்து மதிப்பெண்' என்ற கேள்விக்குப் பதில் நடக்கிறது. கார்த்திகையிலே ஒரு பத்து நாள் விட்டுக் கொடுத்தால் போதும். துப்பாக்கி வேண்டாம், கப்பல் வேண்டாம். ஒரு மீட்டர்ச் சட்டமும் நூலும் நோட்டும் பென்சிலும் போதும்.

இது பொழுதுபோக்குச் சமாசாரம் அல்ல. 'ஒன்றுமே இல்லாத நிலம்' என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால், அதற்கு எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடுகிறது. 1877-ல் இந்தியாவுக்குள் கொண்டு வந்த சீமைக் கருவேல் இன்று ஓடையையும் கண்மாயையும் தரிசையும் மூடி நிற்கிறது. வெட்டி எறியச் சொல்லி 2017-ல் ஹைகோர்ட்டே உத்தரவு போட வேண்டி வந்தது. அது வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்னென்ன முளைத்தன என்று எண்ணி வைத்த கணக்கு இருந்தால், வெட்டிய இடத்தில் எதை மீட்பது என்று தெரியும். கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. கமுதியில் 2016-ல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. விசிறி இல்லாமல் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க முடியாது. ஆனால் ஒரு வீட்டை விற்பதற்கு முன்னால் உள்ளே என்ன சாமான் இருக்கிறது என்று பட்டியல் எடுப்பதில்லையா? கரிசலுக்குப் பட்டியல் எடுக்க ஆள் வேண்டும். அதைவிட, கரிசலில் பிறந்த பிள்ளை, 'எங்கள் ஊரில் ஒன்றுமில்லை' என்று தானே சொல்லிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறுகிறதே, அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

பட்டியல் எடுக்க முடியும் என்பதற்கு நம்மிடமே ஓர் அத்தாட்சி உண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் 1922-ல் பிறந்த கி. ராஜநாராயணன், தாம் மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியவன் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டவர். அவர் இந்தக் கரிசலின் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி 1982-ல் வட்டார வழக்குச் சொல்லகராதி வெளியிட்டார். புல்லுக்கும் பூச்சிக்கும் மண்ணுக்கும் மேகத்துக்கும் இத்தனை பேரா என்று படித்தவர்கள் அசந்துபோனார்கள். பேர் இருந்தால் பொருளும் இருந்திருக்க வேண்டும். ஆடு மேய்க்கிறவரும் களை எடுக்கிற அம்மாளும் அந்தப் பேர்களை இன்னும் மறந்துவிடவில்லை. லின்னேயஸுக்குச் சாமி ஜனங்கள் சொன்னது போல நம் மாணவனுக்குச் சொல்ல அவர்கள் இருக்கிறார்கள். கேட்கப் போகிறவன்தான் பாக்கி. போகும்போது ஒன்றை மட்டும் அவன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சொன்னவர் பேரையும் நோட்டிலே எழுதிக்கொள்ள வேண்டும். முன்னே போனவர்கள் பலர் அதை எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

செலவு யார் கொடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொடைக்கானல் பஸ்ஸுக்குக் கொடுக்கிறவர்கள் இதற்கும் கொடுக்கலாம், இது குறைச்சல். உப்சாலாச் சங்கத்தார் 1732-ல் 400 தாலர் கொடுத்தபோது, ஒரு ஏழைப் பையனைக் கொசுக்கடிக்கு அனுப்புகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர்கள் கஜானாவிலிருந்து போன பணத்தில் அதைவிட நன்றாகச் செலவான பணம் வேறு இருந்திருக்காது. நம் பக்கத்துக் கல்லூரி ஒன்று இந்தக் கார்த்திகையில் பத்துப் பிள்ளைகளை எப்போதும்வென்றான் காட்டில் இறக்கிவிட்டால், அவர்கள் எல்டன் ஆகிறார்களோ இல்லையோ, சாயங்காலம் திரும்பி வரும்போது அந்த ஊரைப் பற்றி 'ஒன்றுமே இல்லை' என்று மட்டும் சொல்லமாட்டார்கள். ஆரம்பத்துக்கு அது போதும்.